ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம்

கனமூலை ஊரில் பெண்கள் பக்கத்துக் கலியாணப் படம் என்றால் றம்ஸியாதான். ஆம்பிளைக் கமராக்காரனை உள்ளே விடமாட்டார்கள். எடுத்த படமும் வெளியே போகக்கூடாது. விருந்து முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு வெறும் கமராவோடுதான் திரும்புவாள். பிறகு கொம்பியூட்டரில் போட்டுத் திருத்தும் பேச்சுக்கே இடமில்லை.

அதனால்தான் மணப்பெண் ஹஃபீலா வந்து கேட்டபோது றம்ஸியா உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"றம்ஸியா ராத்தா, உம்மாவோட சேந்து எனக்கு ஒரு படமும் இல்ல. கலியாணத்தண்டாவது ஒண்டு வேணும். ஆனா ஃபிளாஷ் அடிக்கக்கூடாது."

ஹஃபீலாவின் உம்மா ஜுனைதாவுக்கு வலிப்பு. தன் கலியாணத்தன்று ஃபிளாஷ் பளிச்சென்று அடித்த கையோடு சபை நடுவில் விழுந்தவர். அன்றிலிருந்து கமராவைக் கண்டால் குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். பாவம், இருபத்திரண்டு வருசமாக அந்த வீட்டு அல்பத்தில் அவர் இல்லை.

றம்ஸியாவின் பழைய கமரா ஃபிளாஷ் இல்லாவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. புத்தளம் டவுனுக்குப் போனாள். கடைக்கார முபாரிஸ் புத்தம் புதியது ஒன்றை எடுத்துவைத்து மெகாபிக்ஸல் கணக்கை அளந்துகொண்டே இருந்தான். அவள் அதையும், ஓரத்தில் கிடந்த, யாரோ பாவித்து விற்ற கமரா ஒன்றையும் தூக்கிக்கொண்டு, பெட்டிகள் அடுக்கிய பின்னறை இருட்டில் அவனையே நிறுத்திவைத்து எடுத்துப் பார்த்தாள். புதியதில் அவன் முகம் ரவை கொட்டியதுபோல் இருந்தது. பாவித்ததற்கு ஒளி வாங்கும் சென்சர் பெரிது. சூம் இல்லாவிட்டாலும் வெளிச்சத்தை அள்ளும் ஐம்பது எம்எம் லென்ஸைப் போட்டதும் மீசை மயிரைக்கூட எண்ணலாம். அதையே வாங்கினாள்.

கலியாணத்தன்று ஜுனைதா தன் அறையைவிட்டு வரவில்லை. ஹஃபீலாதான் றம்ஸியாவை அங்கே கூட்டிவந்தாள். ஜன்னலைத் திறந்தால் பந்தலில் ஆம்பிளைகள். அதனால் கதவிடுக்கில் வந்த வெளிச்சம் மட்டும்தான். அது போதும்படி றம்ஸியா லென்ஸை முழுதாகத் திறந்தாள். அப்படித் திறந்தால் ஒரே தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும். மகளின் முகம் தெளிந்தால் பின்னால் நின்ற உம்மா மங்கினார். உம்மா தெளிந்தால் மகள் மங்கினாள்.

"கன்னத்தோட கன்னம் வைங்க. ரெண்டு முகமும் ஒரே தூரத்தில இரிக்கணும்."

"வேணாம், புள்ளட மேக்கப் கலைஞ்சிரும்," என்று ஜுனைதா பின்வாங்கினார். ஹஃபீலா விடவில்லை. கழுத்தைக் கட்டிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஜுனைதா கண்களை இறுக மூடினார். ஃபிளாஷ் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கண் நம்ப வேண்டுமே. றம்ஸியா மூச்சை அடக்கி எடுத்த ஆறு படத்திலும் கண் மூடித்தான் இருந்தது. கடைசியில் கமராவைத் தாழ்த்தாமலே ஒரு பொய் சொன்னாள்.

"சரி மாமி, முடிஞ்சிது."

"எங்க, வெளிச்சமே வரல்லியே?" ஜுனைதா கண்ணைத் திறந்து கமராவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அழுத்தினாள்.

திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு முகமும் தெளிவு. ஜுனைதா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். றம்ஸியா கார்டைக் கழற்றி நீட்டினாள்.

ஜுனைதா வாங்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்து, தானாகவே மகளின் கன்னத்தில் கன்னம் வைத்தார்.

"அதத் திரும்பப் போடுங்க புள்ள," என்றார். "இன்னொண்டு எடுப்பம்."

இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை.