செல்லக்கிளி வீட்டு வேம்பு

1996 வைகாசியில் காற்றாலையில் அடிபட்டுச் செத்த கூழைக்கடாக்களைப் பூவாணிகுளத்தார் கரையில் குழிவெட்டிப் புதைத்தார்கள். நிழல்கள் மட்டும் குழிக்குள் இறங்காமல் பறந்துபோய்ச் செல்லக்கிளி வீட்டு வேம்பில் அடைந்தன. அந்த வாரம் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கியிருந்தது.

அதற்கு முன் அந்த வேம்பில் ஒரு காக்கைகூடக் கூடு கட்டியதில்லை. சேரன்மகாதேவிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில், மார்கழியில் பறவை வந்து புறவாசல் மரத்தில் அடைந்தால் பெற்ற மகள் பிரசவத்துக்கு வந்த மாதிரி. அந்தத் தெருவில் கொட்டு கிடையாது, வெடி கிடையாது. கீழே விழுந்த குஞ்சுக்கு அந்த வீட்டுக்காரிதான் மீன் ஊட்ட வேண்டும். இந்தக் கொடுப்பினையெல்லாம் வருஷம் தவறாமல் செல்லக்கிளியின் கொழுந்தன் பெண்டாட்டி சொர்ணத்தாய்க்கே போனது. நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் வேம்பு, அந்தப் பக்கம் புளி. புளியில் இலை தெரியாமல் பறவை. “எச்சத்த வழிச்சு வழிச்சு இடுப்பு ஒடியுதுக்கா” என்று சொர்ணத்தாய் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் செல்லக்கிளிக்கு அடிவயிறு பற்றி எரியும். சலிப்பா அது? பவிசு!

காற்றாலைக்காரர்கள் இடம் கேட்டு வந்தபோது, அவள் புருஷன் உலகநாதன் மேற்கே கிடந்த பொட்டலைக் கொடுக்க நினைத்தார். குளத்துக்கரை நிலத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று செல்லக்கிளி ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஏட்டி, அது பறவ வாற பாதைலா?”

“வளைஞ்சு போவட்டுமே. கண்ணா இல்ல அதுகளுக்கு?”

பனிக்காலம் முழுக்கக் காற்றாலையின் இறக்கைகள் சோம்பிக் கிடந்தன. பறவைகள் வந்து எப்போதும்போலப் புளியிலேயே குஞ்சு பொரித்தன. வைகாசியில் சாரல் காற்று எழும்பியது. பறக்கப் பழகிய குஞ்சுகளுக்கு வளைந்து போகத் தெரியவில்லை; தடுக்கப் போன தாய்களும் விழுந்தன. சொர்ணத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செல்லக்கிளிக்கும் அழுகை வந்தது. அழுகைக்கு அடியில் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மைதான்.

நிழல்கள் வந்த பிறகு அவள் புறவாசலில் வெயில் விழவில்லை. வத்தல் காயவில்லை, சேலை உலரவில்லை. அதனாலென்ன, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சுளகில் மீன் வைத்தாள். நிழல்கள் அலகை நீட்டின, மீன் குறையவில்லை. பொழுது சாய்வதற்குள் அதை அவளே பொரித்துத் தின்றுவிட்டு, “எம் பிள்ளைக முள்ளுகூட மிச்சம் வைக்கல” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பக்கம் புளி வெறுமனே நின்றது. செல்லக்கிளி நிம்மதியாகத் தூங்கிய வருஷங்கள் அவை.

98 மார்கழியில் ஒரே ஒரு கூழைக்கடா வந்தது, உயிரோடு, ஒரு சிறகு கோணலாக. காற்றாலையைச் சுற்றி வளைந்து, வேம்பை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப்போய்ப் புளியில் உட்கார்ந்தது. சொர்ணத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து நாறும்வரை செல்லக்கிளி சுவரோரம் நின்று அதையே பார்த்தாள். பிறகு சுளகோடு மீனை எடுத்துவந்து சுவருக்கு மேலே வீசினாள்.

“தின்னு தொல!”

அது தின்றது. தான் போட்ட மீன் ஒரு தொண்டைக்குள் இறங்குவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுநாளும் வீசினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறியதில்லை. நிழல்கள் வேம்பிலேயே இருக்கின்றன. அவள் வத்தலை மட்டும் சொர்ணத்தாய் வீட்டு வெயிலில் காயப்போடுகிறாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே புலம்பல்தான்: “எம் மீனத் தின்னுட்டு அவ மரத்துல போய்த் தூங்குது பாத்தியளா!”