எதிர்த்துப் பேசாத பெண்

ஆம்பூரில் சோபனாவின் வீட்டில் நெட் வரும், போகும். அதை நம்பி டென்மார்க் பல்கலைக்கழகத்தின் நேர்காணலுக்கு உட்கார முடியாது. அதனால் பஸ் ஏறி வேலூருக்கு வந்து, தன் பேராசிரியர் ஆரோக்கியசாமியின் அறையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சம்பளத்தோடு ஆராய்ச்சி வேலை. போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். அப்பா முனிரத்தினம் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்.

மேசைக்கு எதிர்ப்புறம், கேமராவில் படாமல் ஆரோக்கியசாமி, பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனைப் போல உட்கார்ந்திருந்தார். மற்ற வாத்தியார்கள் சிபாரிசுக் கடிதத்தை மாணவர்களையே எழுதச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடுவார்கள். அவர் தானே எழுதி அனுப்பியவர்.

கிணற்றுத் தண்ணீர் ஆய்வு பற்றிக் கேட்டதற்கெல்லாம் சோபனா தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு திரையிலிருந்த நரைத்த தலை அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். நீ அடக்கமான பெண், ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை என்று உன் பேராசிரியர் எழுதியிருக்கிறார், எங்களுக்கு அதுதான் கவலை என்றாள். அவர் செய்வது தப்பு என்று தோன்றியபோது நீ என்ன செய்தாய்?

ஆரோக்கியசாமியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. ஒரு பெண்பிள்ளையைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை அவருக்குத் தெரியாது. இவள் வாய் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தும், அதை எழுதினால் எவன் சேர்ப்பான் என்று மறைத்திருந்தார்.

கடிதத்துக்குச் சோபனா தலையாட்டினால் வேலை போகும். உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் மானம் போகும்.

சொன்னாள். ஒரு தோல் ஷாப்புக்குப் பின்னாலிருந்த கிணற்றில் குரோமியம் அளவுக்கு மீறி இருந்தது. ஷாப்பு முதலாளி கல்லூரிக் கமிட்டியில் இருந்ததால், அந்த அளவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் சார். துறையே கேட்கும்படி சண்டை போட்டேன். என் ஆய்வேட்டில் அந்த அளவு இருக்கிறது. அவர் வெளியிட்ட கட்டுரையில் இல்லை.

அந்த அம்மாள் குறித்துக்கொண்டாள். இதை அவரிடமே மெயிலில் கேட்கிறோம், அவர் பதிலைப் பார்த்து முடிவு செய்வோம் என்று விடைபெற்றாள்.

திரை அணைந்தது.

"இன்னாம்மா இது," என்றார் ஆரோக்கியசாமி. "உன் நல்லதுக்குத்தானே எழுதுனேன்."

"தெரியும் சார். ஆனா நீங்க எழுதுனது வேற யாரோ ஒருத்தியப் பத்தி. அவளுக்கு எதுக்கு அந்த வேலை?"

சற்று நேரத்தில் அவர் போனில் மெயில் வந்து விழுந்தது: அந்த அளவை எடுக்கச் சொன்னது உண்மையா? படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆமாம் என்று எழுதினால் தன் கட்டுரைக்குத் தானே குழி வெட்டுவது. இல்லை என்றால் இவள் பொய்க்காரி.

"நீ கெளம்பு. பஸ் போய்டும். நான் பொறுமையா யோசிச்சு எழுதிக்கிறேன்."

சோபனா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

"அடுத்த பஸ் இருக்கு சார். எழுதுங்க."