பூப்போட்ட துணி

தையற்காரிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரிக்கோல் தானாகவே வாயைத் திறந்து மூடியது. நல்லவேளை, தங்கை புருஷன் பக்கத்தில் இல்லை. அவன் பெயரில் அச்சான ஹைக்கூ புத்தகம்தான் மேஜைமேல் கிடந்தது. அட்டை முழுக்கப் பட்டாம்பூச்சிகள். தங்கை பெருமை பொங்கக் கொண்டுவந்து கொடுத்தது. அதில் பதினேழாம் பக்கத்தில் இவளுடைய கவிதை.

இவள் எழுதியது இப்படி:

கால்களை நிறுத்தினேன்
பூப்போட்ட துணியில்
வண்ணத்துப்பூச்சி

ஜன்னல் வழியே வந்த பூச்சி, மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பாவாடைத் துணியில் அச்சடித்திருந்த பூவை நிஜமென்று நம்பி ஊசிக்கு இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்தது. இன்னொரு மிதி மிதித்திருந்தால் அதன் கதை முடிந்திருக்கும். அது ஏமாந்து எழுந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, கைக்கு அகப்பட்ட அளவு நோட்டில் எழுதினாள். அன்று காலை கடைசியாக எடுத்தது மாப்பிள்ளையின் சட்டை அளவு. அதற்குக் கீழேயே எழுதினாள். சட்டை வாங்க வந்தவன் நோட்டைப் புரட்டி, "அட, அண்ணி இதெல்லாம்கூட எழுதுவீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

புத்தகத்தில் 'பூப்போட்ட துணியில்' என்பது 'பூத்த செடியில்' என்று மாறியிருந்தது. திருட்டைவிட அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"செடியில பூச்சி உட்காரும்னு சொல்ல ஒரு கவிஞர் வேணுமாடி? மாடு புல்லு தின்னுச்சுன்னு அடுத்த பக்கத்துல எழுதியிருக்காரா?"

"விடுக்கா. மூணு வரிதானே. சாயங்காலம் வெளியீட்டு விழா, ஊரே வருது. நம்ம மானத்தை வாங்கிடாதே."

அந்த 'தானே' அவளைச் சுட்டது. ஒரு கொக்கிதானே, ஓரம் அடிக்கிறதுதானே என்று இருபது வருஷமாக உறவுக்காரர்கள் இனாமாக உழைப்பை வாங்கிப் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள். அடுத்தவர் அளவுக்கு வெட்டாமல் அவள் செய்த ஒரே பொருள் இந்த மூன்று வரிதான். அதை விடுவதாக இல்லை.

சாயங்காலம் நூலக அரங்கில் மாப்பிள்ளை அவள் தைத்த சட்டையிலேயே மேடையில் நின்றான். "ஒரு நாள் என் தோட்டத்துல நடந்துக்கிட்டிருந்தேன்..." என்று ஆரம்பித்தான். மூன்றாவது மாடியில் குடியிருப்பவன். துளசிச் செடிகூடக் கிடையாது.

தங்கை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, அளவு நோட்டோடு நேரே மைக்குக்கு வந்தாள் தையற்காரி.

"தோள் பதினெட்டு. கழுத்து பதினாறு. வயிறு நாற்பத்திநாலு."

கூட்டம் சட்டையைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது, கொல்லென்று சிரித்தது.

"இது மாப்பிள்ளையோட அளவு. இதுக்குக் கீழே தேதி போட்டு எழுதியிருக்கிறது என்னோடது."

மூன்று வரியையும் படித்தாள். மிஷினையும் ஊசியையும் சொன்னாள், நிறுத்தியது மிஷின் மிதித்த கால்களை என்றும் சொன்னாள். சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசையில் ஒருவர் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

மாப்பிள்ளை அவள் காதருகே குனிந்தான். "என்ன அண்ணி இது, மூணு வரிதானே..." மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

"மூணு வரிதான் மாப்பிள்ளை. அதைக்கூட உங்களால ஒழுங்காத் திருட முடியலையே."