சோதிக்கத் தேவையில்லாதவர்கள்

பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்தவர் கேட்டது இரண்டே கேள்விதான்.

"ஒங்க கம்பெனியில ரூலை மீறுற ஆளுக இருக்காகளா?"

கொட்டகையில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின.

"சரி, நீங்க மீறுவீகளா?"

ஒரு கைகூட எழவில்லை.

"அப்ப மீறுறது யாரு சார், பேயா?" என்றாள் வள்ளித்தாய். கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது. ஸ்வீட்டியும் சிரித்தாள். முதல் கேள்விக்குக் கையைத் தூக்கிவிட்டு, இரண்டாவதற்கு மடியில் வைத்துக்கொண்டவள்தான் அவளும்.

ஸ்வீட்டி விருதுநகர்க்காரி. வேதியியல் படித்துவிட்டு, நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்துக் கலவையைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையில் கேட்டில் நின்று பெண்களின் பையையும் மடியையும் சோதிப்பதும் அவள் பொறுப்புதான். போன், தீப்பெட்டி, இரும்புச் சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை, கை பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் காலை, வள்ளித்தாய் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிவிட்டு நகராமல் நின்றாள்.

"எங்களத் தடவித் தடவிப் பாக்குறீக. ஒங்கள யாரு பாக்குறது மேடம்?"

வரிசையில் களுக்கென்று சிரிப்பு. ஸ்வீட்டிக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பயமில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா? பையை நீட்டினாள். "பாருங்கக்கா."

டிபன் பாக்ஸுக்கு அடியில், துண்டுக்குள் போன் இருந்தது.

"ஆத்தீ! அந்தப் பேய் இங்கனதான் இருக்கு!"

சைலண்டில்தான் போட்டிருக்கிறேன். அவசரத்தில் மறந்துவிட்டேன். எது ஆபத்து, எது இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஸ்வீட்டிக்குள் நியாயங்கள் திரியில் பற்றிய நெருப்பாக ஓடின. எல்லாம் இதே கேட்டில் மற்றவர்கள் சொன்னவை. அவள் காதில் வாங்காமல் போனைப் பிடுங்கி வைத்தபோது சொன்னவை.

"நேத்தும் இருந்துச்சா?"

வள்ளித்தாய் இப்போது சிரிக்கவில்லை. அந்தப் பை தினமும் தொங்குவது மருந்து செலுத்தும் அறையின் ஜன்னலில். அதற்குக் கீழேதான் வள்ளித்தாய் உட்கார்ந்து வேலை செய்வாள்.

ஸ்வீட்டி நினைத்து நினைத்துப் பார்த்தாள். "தெரியலக்கா," என்றாள்.

போனைக் கேட்டிலிருந்த பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஃபோர்மேன் ராஜபாண்டியன் வந்துகொண்டிருந்தார். பீடி, வெற்றிலை எதையும் தொடாதவர். வருஷம் தவறாமல் இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்தே போகிறவர். கேட்டுக்கு வெளியே இருக்கும் அம்மனுக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் ஆலைக்குள் கால் வைப்பார். அவரை யாரும் ஒருநாளும் சோதித்ததில்லை.

ஸ்வீட்டி வழியில் போய் நின்றாள். "அண்ணாச்சி, சட்டைப் பையில இருக்கறதக் காட்டிட்டுப் போங்க."

"யாரு, நானா?" அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இந்தக் கம்பெனிக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டுன நாள்லருந்து இருக்கேன். நேத்து வந்த பிள்ள என்னையச் சோதிக்கவா? என்னயப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது?"

"நானும் அப்படிப்பட்ட ஆளில்லன்னுதான் நெனச்சேன். இப்பத்தான் என் பையிலருந்து போனை எடுத்தாக."

"ஒனக்குப் புத்தியில்லன்னா நான் என்ன பண்ண? வழிய விடும்மா. சீசன் நேரம், லோடு நிக்குது. மொதலாளிட்ட ஒரு வார்த்த சொன்னேன்னு வையி, நாளைக்கு நீ வீட்ல இருப்ப."

ஸ்வீட்டி நகரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒதுங்கிவிடுவாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. பையைக் காட்டிட்டுப் போய்ச் சொல்லுங்க."

வள்ளித்தாய் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணாச்சி காட்டட்டும். அதுக்கப்புறம் நாங்க உள்ள வாறோம்." பின்னால் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

"பாத்துக்கங்க! நல்லாப் பாத்துக்கங்க!" ராஜபாண்டியன் சட்டைப் பையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். திருநீற்றுப் பொட்டலம் விழுந்தது. பின்னாலேயே ஒரு தீப்பெட்டியும் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வேறு யாரோ கொண்டுவந்து போட்டதைப் போல அவர் அதையே பார்த்தார்.

"அது... சாமிக்குச் சூடம் பத்த வைக்கிறது."

"மருந்துக்கு அது தெரியாது அண்ணாச்சி," என்றாள் ஸ்வீட்டி. குனிந்து எடுத்துத் தன் போனுக்குப் பக்கத்தில் போட்டாள்.

வெளியே ஹாரன் அடித்தது. "மொதலாளி வந்துட்டாரு. இப்பப் பாரு," என்றார் ராஜபாண்டியன். குரலில் பழைய வலு இல்லை. கேட்டைத் திறக்க ஓடிவந்த காவலாளிக்கு முன்னால் போய், ஸ்வீட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கார்க் கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா, கேட்டைத் திறக்காம?"

ஸ்வீட்டிக்குக் குரல் மெலிந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

"எறங்கி வாங்க சார். பையைப் பாக்கணும்."