விரிப்பின் மறுமுனை

இஸ்திரி ரோலரிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை வெறுங்கையால் பிடிக்கப் பழகுவதற்கு ஒரு மழைக்காலமாவது ஆகும் என்று அந்தச் சலவைக்கூடத்தில் சொல்வார்கள். அதுவரை விரல் நுனிகள் சிவந்து உரியும், சாப்பிடும்போது உப்பு பட்டால் உயிர் போகும். அதற்குப் பிறகு தோல் தடித்துவிடும். வாயாடி என்று கூடமே கூப்பிடும் அவளுக்கு அப்படித் தடித்து வெகுநாளாகிவிட்டது. அவள் இரண்டு மூலைகளைப் பிடித்தாள், எதிரே அவள் ஜோடி நெட்டை இரண்டு மூலைகளைப் பிடித்தாள், இருவரும் ஒரு உதறு உதற, விரிப்பு நடுவில் உப்பி ஆவியைக் கக்கிவிட்டுத் தணிந்தது.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துவைத்துக் கொடுக்கும் கூடம் அது. விரிப்பு மடிப்பது ஜோடி வேலை. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு, பிறகு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். கூடத்தில் ஒரு விதி உண்டு. எல்லா ஜோடியும் ஜன்னல் பக்கமாகத்தான் முதல் மடிப்பை மடிக்கும். ஒருத்தி ஜன்னல் பக்கமும் மற்றவள் சுவர்ப் பக்கமும் மடித்தால் விரிப்பு கயிறாக முறுக்கிக்கொள்ளும், திரும்பவும் ரோலருக்குப் போகவேண்டியதுதான்.

வாயாடிக்கு எல்லாமே இடதுகை. வேலைக்கு வந்த புதிதில் அவள் கை தானாகவே சுவர்ப் பக்கம் போகும். சூப்பர்வைசரம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். "பீச்சாங்கைய வீட்டுல வச்சுட்டு வா" என்று கூடமே சிரித்தது. அப்போது நெட்டைதான் முன்னால் வந்தாள். "விடுங்கம்மா, அவ பக்கம் நான் மடிச்சிக்கிறேன்." வருஷக்கணக்காகப் பழகிய கையை அவள் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து கூடத்தில் அந்த ஒரு ஜோடி மட்டும் சுவர்ப் பக்கம் மடித்தது. சூப்பர்வைசரம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் மற்றவர்கள் ஒரு தள்ளுவண்டி விரிப்பை முடிப்பதற்குள் அவர்கள் ஒன்றரை வண்டி முடித்தார்கள்.

மூலை சேரும்போது நான்கு கைகளும் ஒரு கணம் ஒன்றின்மேல் ஒன்று படும். நாள் முழுக்க, நாலு பேர் பார்க்க, அவர்கள் கையைத் தொட்டுக்கொள்ள அந்த ஒரு வழிதான் இருந்தது. அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்று வாயாடி வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். வீடு என்பது இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு மாடி அறை. கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் நெட்டையைக் காட்டி "எங்க பெரியம்மா பொண்ணு" என்று ஒருமுறை சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. பெரியம்மாவின் பெண் என்பதால் வெளியில் அக்கா. கதவைச் சாத்தினால் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெரியக்காவின் போனில் எல்லோரும் சீரியல் பார்ப்பார்கள். பெரியக்கா கூடத்திலேயே மூத்தவள். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைக்கும் உரிமையும், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு மட்டுமே. அந்தச் சீரியலில் ஒரு டீச்சரும் ஒரு நர்ஸும் சிநேகிதிகள். டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கெட்டவன் என்று பெரியக்கா மாதக்கணக்காகச் சொல்லிவந்தாள்.

அன்றைக்கு டீச்சர் மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். அவன் கெட்டவனாக இருந்ததால் அல்ல. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உன்கூடத்தான் இருக்கணும். சிநேகிதியா இல்ல. உனக்குத் தெரியும்" என்றாள்.

சாப்பாட்டு அறையில் யாரோ ஒருத்தி "ஐயே" என்றாள்.

வாயாடிக்குத் தங்கள் அறையின் ஜன்னலை யாரோ திறந்து எட்டிப்பார்ப்பது போல இருந்தது. பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவளுக்கு அவிழ்ந்துகொள்ளும்.

"ரெண்டு பொம்பளைங்க ஒரு வீட்டுல இருந்தா அடுப்ப யாரு தொடைக்கிறதுங்கற சண்டையே தீராது. இதுல காதல் வேறயா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடைவரை வந்திருந்தது, அவளுக்கே தெரியவில்லை.

பெரியக்கா பார்த்துவிட்டாள். "என்னடி நெட்ட, உனக்கு என்ன வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே பேசுது" என்றாள் நெட்டை. "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக, அவளோடு ஒரே அறையில் இருக்கும் வாயாடி மேல் வந்து நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.

"அய்யோ சாமி!" என்று நெஞ்சில் கை வைத்தாள் வாயாடி. "இது தெரியாம இத்தன நாள் இவ பக்கத்துல படுத்திருக்கேனே! இனிமே தூங்கவே பயமா இருக்கே எனக்கு!"

அறையே அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறி இன்னொருத்தி முதுகில் தட்டினாள். பெரியக்கா கண்ணீர் வரச் சிரித்து, "இவ வாய்க்கு ஒரு பூட்டு போடணும்டி" என்றாள். நெட்டை தட்டைக் கழுவ எழுந்து போனாள். கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலத்திற்குள் அந்த நகைச்சுவையில் நகைச்சுவை மட்டும் உதிர்ந்துபோய் மீதி நின்றது. உடை மாற்றும் அறைக்குள் நெட்டை வந்ததும் இரண்டு பேர் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் காலை சூப்பர்வைசரம்மா வாயாடியைக் கூப்பிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. வாயாடிக்குக் காய்ச்சல் கண்டபோது தன் மாத்திரையைக் கொடுத்தவள்.

"பயமா இருக்குன்னு சொன்னியாமே? எனக்கு வேலை நடக்கணும், அவ்வளவுதான். ஜோடி மாத்தித் தரவா?"

'விளையாட்டுக்குச் சொன்னேம்மா' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெரியக்கா கையில் துடைப்பத்தோடு பெருக்காமல் நின்றிருந்தாள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். இந்த வேலையையும் மாடி அறையையும் விட்டால் வாயாடிக்குப் போக ஒரு இடம் கிடையாது. சொந்த வீட்டிலிருந்து எதற்காகத் துரத்தினார்களோ அதேதான் இங்கேயும் வாசலில் வந்து நின்றது.

"மாத்திடுங்கம்மா" என்றாள்.

வாயாடிக்கு ஜோடியாகப் புதிதாய்ச் சேர்ந்த பெண் வந்தாள். நெட்டைக்கு ஜோடியாக நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை. ஒருத்திக்கு மணிக்கட்டு வலி, இன்னொருத்திக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஜோடி அமையலன்னா நான் என்ன பண்றது? ஒத்தையா மடி" என்றாள் சூப்பர்வைசரம்மா. "வாரக் கணக்கு குறைஞ்சா அழுக்கு ரூமுக்குத்தான் அனுப்புவேன், அப்புறம் என்னக் குத்தம் சொல்லாத."

அழுக்கு ரூம் என்பது ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்துப் போடும் இடம். ரத்தமும் சீழும் மட்டுமென்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். மடிப்புக்குள் ஊசி கிடக்கும். போன வருஷம் அங்கே ஒருத்திக்கு உள்ளங்கையில் ஏறியது. அவள் இப்போது வேலைக்கு வருவதில்லை.

நெட்டை மறுநாள் வீட்டிலிருந்து துணிக்கவ்விகளை எடுத்து வந்தாள். விரிப்பின் ஒரு முனையைத் தள்ளுவண்டியின் கம்பியில் இரண்டு கவ்வி போட்டு மாட்டினாள், மறுமுனைக்கு நடந்தாள், இழுத்துப் பிடித்து மடித்தாள், திரும்ப நடந்து வந்து கவ்வியைக் கழற்றினாள். இருவர் நடக்க வேண்டிய நடையை ஒருத்தியே நடந்தாள்.

அன்று சாயங்காலம் அறையில் வாயாடி கதவைச் சாத்தியதும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நெட்டை டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத் திட்டு" என்றாள் வாயாடி. "ரெண்டு அறையாவது அறை."

"எதுக்கு?"

"எதுக்கா? நான் பேசினதுக்கு. நான் மாத்தச் சொன்னதுக்கு."

"நீ மாத்த வேண்டாம்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஒருத்திக்காவது இருக்கட்டும்." டீயை அவள் முன்னால் வைத்தாள். "சக்கரை கம்மி, தீந்துபோச்சு."

"அழுதியே, ஏன் அழுத? அழாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." சொன்னவுடனே வாயாடிக்குத் தன் வாயைக் கிழிக்கவேண்டும் போலிருந்தது.

நெட்டை அடுப்பை அணைத்தாள். "நம்மள மாதிரி ஒரு ஆளு எங்கயாவது வந்து பேசும்னு நான் நெனச்சதே இல்லடி. புஸ்தகத்துல கூட நான் படிச்சதில்ல. அதுவும் அந்தப் பொண்ணு மூஞ்சியில வெக்கமே இல்ல. எழுதினவங்களுக்கு நம்ம வீடு எப்படித் தெரிஞ்சதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான். கண்ணு தானா வந்துடுச்சு."

மறுநாள் காலை வாயாடி கண் விழித்தபோது நெட்டை போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். தினமும் இருவரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிக்கிற போர்வை. அன்று அவள் ஒரு மடிப்பைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கி, மீதியைக் கையால் சேர்த்தாள். வாயாடி தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் புதுப்பெண்ணோடு நின்ற முதல் நாள் வாயாடியின் கை சுவர்ப் பக்கம் போயிற்று. விரிப்பு முறுக்கிக்கொண்டது. "அக்கா, ஜன்னல் பக்கம்!" என்று சிரித்தாள் புதுப்பெண். இரண்டாம் நாளும் அப்படியே. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் கை ஜன்னல் பக்கம் திரும்பப் பழகிவிட்டது. அது பழகியதுதான் வாயாடிக்குத் தாங்கவில்லை. இத்தனை சீக்கிரம் பழகிவிடக்கூடிய ஒன்றுக்காகவா ஒருத்தி தன் கையைத் திருப்பிக்கொண்டு இத்தனை வருஷம் மடித்தாள் என்று நினைத்தபோது, சூடான விரிப்பு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

வாரக் கடைசி அன்று சாப்பாட்டு மணி அடித்தும் நெட்டை வரவில்லை. அவள் வண்டியில் இன்னும் பாதி இருந்தது. சாப்பாட்டு அறையின் கதவு வழியாக, ஓடாத ரோலருக்கு அப்பால், அவள் போவதும் வருவதும் தெரிந்தது.

பெரியக்கா போனைச் சாய்த்து வைத்தாள். சீரியலில் டீச்சரும் நர்ஸும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது லாரி வந்தது. நர்ஸ் டீச்சரைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டாள். டீச்சர் மடியில் அவள் தலை இருக்க, பாட்டுப் போட்டார்கள்.

சாப்பாட்டு அறையில் ஒருத்தியும் ஒரு வாய் உண்ணவில்லை. பெரியக்கா தலைத்துணியை அவிழ்த்து மூக்கைச் சிந்தினாள்.

"பாவிப் பசங்க. சேந்து வாழ விட்டா இவனுங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நல்ல பொண்ணுக்கா. யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு அது?" என்று விம்மினாள், உடை மாற்றும் அறையிலிருந்து துணியோடு வெளியேறியவர்களில் ஒருத்தி.

"அந்த டீச்சர் இனிமே ஒத்தையில என்ன பண்ணுவா?"

வாயாடி எழுந்தாள். பாதி வண்டிதான். இருவர் நின்றால் வேலை மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும். போய் மறுமுனையைப் பிடித்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. வாய் செய்ததைக் கை சரிசெய்துவிடும். அவள் வாசல்படிவரை வந்துவிட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் பெரியக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அழுது சிவந்த கண்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"தண்ணி குடிக்க" என்றாள் வாயாடி.

"ஜாடி இங்கதானே இருக்கு."

"அது சுடுது. பானைத் தண்ணி."

பானை வாசலுக்கு வெளியே, ரோலருக்கு இந்தப் பக்கம் இருந்தது. அவள் அதுவரை நடந்தாள். டம்ளரில் மொண்டு குடித்தாள். முதுகுக்குப் பின்னால் போனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

நெட்டை அவளைப் பார்க்கவில்லை. விரிப்பின் இரண்டு மூலைகளைத் தள்ளுவண்டிக் கம்பியில் வைத்துக் கவ்வி போட்டாள். மறுமுனைக்கு நடந்து போய் ஒரு உதறு உதறினாள். கவ்வி தாங்கியது. பிறகு, எதிரே கம்பியைத் தவிர யாரும் இல்லாத அந்த விரிப்பை, சுவர்ப் பக்கமாக மடித்தாள்.