பதினேழாம் உறை

அவளுக்கு வயது அறுபத்து மூன்று. மருத்துவக் கல்லூரியில் மருத்துவத்தின் வரலாறு சொல்லித்தரும் பேராசிரியை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மாணவர்கள் செல்போனைப் பைக்குள் தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளை வீட்டில் அம்மா கூப்பிடுவது ‘சீட்டு’ என்று. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பெயர் வந்த கதை இதுதான். நாலு வயதில் அவளுக்குக் காசநோய். அப்பா முந்தின வருஷம்தான் அதே நோயில் போயிருந்தார். அம்மா இதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். புதிதாக ஓர் ஊசி மருந்து வந்திருந்தது, ஆனால் வந்தது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் காணும். அது உண்மையில் வேலை செய்கிறதா என்றும் அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பெரிய டாக்டர் யோசித்து, சீட்டுப் போட்டுவிடுவோம் என்றார். ஐம்பது உறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். உள்ளே ஒரு சீட்டு. சீட்டில் ‘ம’ என்று முத்திரை இருந்தால் மருந்து, ‘ப’ என்றிருந்தால் படுக்கை. அதாவது நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். பிள்ளைகள் வந்து சேரச் சேர வரிசைப்படி அடுத்த உறையைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வரை டாக்டருக்கே தெரியாது. உறைப் பெட்டியை வைத்துக்கொள்ள நேர்மையான ஆள் வேண்டும் என்று அவர் தேடி, அம்மாவிடம் கொடுத்தார்.

சீட்டுக்குப் பதினேழாம் உறை. ‘ம’ விழுந்தது, பிழைத்தாள்.

இதை அவள் வருஷாவருஷம் முதல் வகுப்பில் சொல்வாள். “காய்ச்சல்னு வந்தவனுக்கு ரெண்டாயிரம் வருஷமா ரத்தத்தை வடிச்சு விட்டாங்க. பொழைச்சவன் வைத்தியரைப் புகழ்ந்தான், செத்தவன் வாயைத் திறக்கல. அதனால வைத்தியர் எப்பவுமே கெட்டிக்காரர்தான்,” என்பாள். வகுப்பு சிரிக்கும். “அப்புறம் ஒருத்தருக்கு எண்ணிப் பார்க்கணும்னு தோணுச்சு. எண்ணினா போதாது, பாதிப் பேருக்குக் குடுத்து பாதிப் பேருக்குக் குடுக்காம பார்க்கணும்னு இன்னொருத்தருக்குத் தோணுச்சு. யாருக்குக் குடுக்கறதுங்கறதை டாக்டரோட கைக்கு விடாதே, அது பாரபட்சம் பார்க்கும், சீட்டுக்கு விடுன்னு கடைசியில புரிஞ்சுது. மனுஷன் பொய் சொல்லுவான். சீட்டு பொய் சொல்லாது. அதுக்கு சாட்சி நான்.” இந்த இடத்தில் கைதட்டு விழும். விழாத வருஷமே இல்லை.

இப்போது கல்லூரிக்கு நூறாவது ஆண்டு. கண்காட்சி அவள் பொறுப்பு. நடுக்கூடத்தில் அந்த உறைப் பெட்டி. பிரித்த நாற்பது உறைகளும், தேவைப்படாமல் ஒட்டியபடியே மிஞ்சிய பத்தும் அதில் இருந்தன. பக்கத்தில் அவளுடைய நாலு வயதுப் படம், கீழே ‘சீட்டு பொய் சொல்லாது’ என்று பெரிய எழுத்தில் பலகை. காலையில் பத்து மணிக்குத் திறப்பு. பதினெட்டாம் உறையில் ‘ப’ விழுந்து இறந்துபோன சிறுமியின் அண்ணனையும் அழைத்திருந்தாள். அவர் ஒரு தையல்காரர், எழுபதை நெருங்குகிறவர். போனில் அவர் சொன்னது அவளை நெகிழ வைத்திருந்தது. “சீட்டு விழல மேடம், அவ்ளோதான். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. அதைச் சொல்லித்தான் எங்கம்மா மனசைத் தேத்திக்கிட்டாங்க.”

திறப்புக்கு முந்தின நாள் மதியம் எலக்ட்ரீஷியன் கண்ணாடி அலமாரிக்கு விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தார். உறைகள் வைத்த தட்டும் கண்ணாடி. பழைய காகிதத்துக்கு வெளிச்சம் அழகாக இருக்கும் என்று தட்டுக்கு அடியில் விளக்கை வைத்து ஸ்விட்சைத் தட்டினார். தட்டிவிட்டு அப்படியே குனிந்து நின்றார்.

“மேடம், இதுல ஒட்டியிருக்கறதெல்லாம் ரகசியம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா. பிரிச்சாத்தான் தெரியும்.”

“இது ‘ம’தானே? இது ‘ப’. இதுவும் ‘ப’.”

சீட்டு குனிந்து பார்த்தாள். ஒட்டிய உறைக்குள் எழுத்து பளிச்சென்று நின்றது. மை அடர்த்தி, காகிதம் மெலிசு. ஐம்பத்தொன்பது வருஷமாகப் பெரிய டாக்டர், அவர் மாணவர்கள், அவர்களுடைய மாணவர்கள், கடைசியில் அவள், இத்தனை மேதாவிகளில் ஒருவர்கூட அந்த உறையை விளக்கில் பிடித்துப் பார்த்ததில்லை.

அதனால் என்ன, பிடித்துப் பார்க்கலாம் என்றால் யாரோ பார்த்தார்கள் என்று ஆகிவிடுமா? தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவள் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தாள். அது போன வாரம்தான் பழைய கிடங்கிலிருந்து வந்தது. அட்டையை மட்டும் துடைத்துக் காட்சிக்கு வைத்திருந்தாள், உள்ளே பார்க்கவில்லை. இத்தனை நாள் அவள் பார்த்ததெல்லாம் அச்சான பட்டியல்தான், அதில் உறை எண்தான் இருக்கும், வந்து சேர்ந்த நேரம் இருக்காது.

பதிவேட்டில் நேரம் இருந்தது. ஒரே நாள், ஒரே பக்கம், அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஆறு வயதுச் சிறுமி, காலை ஒன்பது மணி, உறை பதினெட்டு. நாலு வயதுச் சிறுமி, மதியம் மூன்று மணி, உறை பதினேழு. மற்ற முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் உறைகள் வரிசையாக வந்திருந்தன. அந்த ஒரு நாளில் மட்டும் முதலில் வந்தவளுக்குப் பின்னால் உள்ள உறை, பின்னால் வந்தவளுக்கு முந்தின உறை. எழுதியிருந்த கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து.

எலக்ட்ரீஷியன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தேழு வயதிலும் கை நடுங்காது. படுக்கை விரிப்பின் மூலைகளை இன்றைக்கும் வார்டில் மடித்த மாதிரியே கத்திபோல் மடிப்பாள். மாலை வெயில் அவள் முகத்தில் விழுந்து, கன்னத்து மச்சம் பெரிதாகத் தெரிந்தது.

“அம்மா, பதினேழாம் கவர் யாருக்கு வந்திருக்கணும்?”

அம்மாவின் கை நிற்கவில்லை. “காலையில வந்த பொண்ணுக்கு,” என்றாள்.

சீட்டு இதை எதிர்பார்க்கவில்லை. அம்மா மழுப்புவாள், எனக்கு ஞாபகமில்லை என்பாள், எழுதும்போது தப்பாயிடுச்சு என்பாள் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். தப்பாயிடுச்சு என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதை நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“மருந்து ரூம்ல ஒரு மேஜை விளக்கு இருந்துது,” என்றாள் அம்மா. “அந்தப் பொண்ணை காலையிலேயே கூட்டிட்டு வந்துட்டாங்க. உன்னை அன்னிக்கு மதியம் சேர்க்கறதா இருந்துது. ரெண்டு கவரையும் விளக்குல பிடிச்சேன். ‘ப’வா ‘ம’வான்னு சட்டுனு பிடிபடல. திருப்பித் திருப்பி மூணு தடவை பார்த்தேன். பதினேழு ம. பதினெட்டு ப. பதினெட்டை எடுத்துட்டுப் போய் அவளுக்குப் பிரிச்சேன்.”

“அம்மா, அந்தப் பொண்ணு செத்துட்டா.”

“எனக்குத் தெரியாதா? ரெட்டைச் சடை போட்டிருப்பா. பால் குடிக்க மாட்டா, நான் ஊட்டினா மட்டும் ரெண்டு வாய் குடிப்பா. பதினோரு வாரம் இருந்தா. பதினோரு வாரமும் நான்தான் ஊட்டினேன்.”

மடித்து வைத்த துணிமேலேயே சீட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் உறை மாறியதால் அந்தச் சோதனையின் முடிவு மாறிவிடாது என்று அவளுடைய படித்த மூளை அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. மருந்து போட்ட இருபது பேரில் இறந்தது இரண்டு பேர், போடாத இருபது பேரில் ஒன்பது பேர். இரண்டை மூன்றாக்கி ஒன்பதை எட்டாக்கினாலும் மருந்து நல்ல மருந்துதான். கணக்கு சரியாக வந்தது, அது சரியாக வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“ஏம்மா எங்கிட்ட இத்தனை வருஷம் சொல்லல? மேடை மேடையா ஏறி நான்...”

“சொல்லிட்டேதான் இருந்தேன், தினமும். உன்னை வேற என்னன்னு கூப்பிட்டேன்?” அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு மறந்துரக் கூடாதுன்னுதான் அந்தப் பேரை வெச்சேன். நீ அதைச் செல்லப் பேருன்னு நெனைச்சுக்கிட்ட.”

“அந்த நாள் திரும்பி வந்தா?” என்று கேட்டாள் சீட்டு. ஏன் கேட்டோம் என்று உடனே தோன்றியது.

“திரும்பவும் அதையேதான் பண்ணுவேன்,” என்றாள் அம்மா. “எந்திரி. துணி கசங்குது.”

மறுநாள் காலை எட்டரைக்கே அவள் கூடத்துக்குப் போனாள். பலகையைக் கழற்றி எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க வைத்தாள். தன் படத்தை எடுத்துவிட்டாள். விளக்கை மட்டும் அணைக்கவில்லை. முதல்வருக்கு என்ன பதில் சொல்வது, மாணவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதெல்லாம் அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஓர் ஆளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் பழைய படம் ஒன்று. படத்தில் ரெட்டைச் சடை.

“இதையும் வைக்க எடம் இருக்குமான்னு கேக்கலாம்னு வந்தேன் மேடம். எங்க தங்கச்சியோட கவர் எது? பதினெட்டுதானே?”

பேசாமல் இருந்துவிடலாம் என்று சீட்டுவுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் அம்மா எதை நம்பி மனதைத் தேற்றிக்கொண்டாளோ அதை இந்த வயதில் பிடுங்குவானேன் என்றும் தோன்றியது. தோன்றிய எல்லாமே தனக்குச் சாதகமாக இருப்பதைப் பார்த்துத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“பதினேழுங்க. உங்க தங்கச்சியோட கவர் பதினேழு. அதை விளக்குல பிடிச்சுப் பார்த்து மாத்திட்டாங்க. அதுல விழுந்த மருந்தைத்தான் எனக்குப் போட்டாங்க.”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் விளக்கைக் காட்டினாள், எழுத்துகளைக் காட்டினாள், பதிவேட்டின் இரண்டு வரிகளைக் காட்டினாள். தையல்காரரின் விரல் தையல் போட்ட வரியைத் தடவுவதுபோல அந்த இரண்டு வரிகளின் மேல் போய்ப் போய் வந்தது.

“மாத்தினது யாருங்க?”

“எங்கம்மா. அந்த வார்டு நர்ஸ்.”

“கன்னத்துல மச்சம் இருக்குமே, அவங்களா?”

“அவங்கதான்.”

அவர் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வெளியே திறப்பு விழாவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

“எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க,” என்றார் கடைசியில். “நம்ம பொண்ணு போனப்ப அந்த ஆஸ்பத்திரியில நம்மகூட உக்காந்து அழுதது அந்த மச்சம் வெச்ச நர்ஸம்மா ஒருத்திதான்னு. அவங்க நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க.”