காற்றுள்ள அறை

பழைய எண்ணெய் டிரம்முக்குள் தளவாய் தீயைப் போட்டதும் கறுப்புப் புகை சுழன்று எழுந்தது. ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயிண்டும் எரிந்து தீர்ந்தால்தான் டிரம்மைத் தட்டி நிமிர்த்தி விற்க முடியும். அறுபத்தாறு டிசம்பர். குளிரில் புகை மேலே போகாமல் தாராவிக் கூரைகளின் மேல் படுத்துக்கொண்டது. பட்டறைக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். அதற்கு அந்தப் பக்கம், ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி அவன் மனைவி கனகவள்ளி இருமினாள்.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது காய்ச்சல். சயான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டு, டி.பி. இல்லை என்றாள். புகையைக் குடித்துக் குடித்து நோயைத் தடுக்கும் சக்தி உடம்பில் குறைந்துவிட்டது, பிள்ளைக்கும் ஆகாது, உடனே இடத்தை மாற்று என்றாள்.

தளவாய் மசியவில்லை. "மாசமா இருக்கவ வீடு மாறப்படாதுளா. பிள்ளைக்கு ஆகாது."

"வீடு எங்க மாறுது? அடுப்பு இங்கயே எரியட்டும். நீங்களும் இங்கயே இருங்க. பேறுகாலம் வரைக்கும் நான் மட்டும் மாஹிம்ல, கடலோரமா ஒரு வாடகை ரூம்ல இருக்கேன். அடுப்பு இருக்க இடந்தான வீடு?"

"தாதர் மார்க்கெட்ல வெங்காயத்துக்குப் பேசுத மாதிரில்லா சாமிகிட்டயும் பேரம் பேசுத!"

"கேட்டாத்தான சாமியும் எறங்கி வருவாரு?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. தளவாய் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, ஞாயித்துக்கெழம போவோம்" என்றான்.

மாஹிமில், மாதா கோயில் பூசை முடிந்து வந்த வீட்டுக்காரி லூசியம்மாள் மாடியறைச் சன்னலைத் திறந்துவிட்டாள். தூத்துக்குடிக்காரி, வாடகையிலும் கறார், பேச்சிலும் கறார்.

"பாரு, நேரா கடல்காத்து. இதுக்கே நான் தனியா வாடகை கேக்கணும்."

கனகவள்ளி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தாள். அவ்வளவு காற்று நெஞ்சுக்குப் பழக்கமில்லை. மாடிப்படியிலிருந்தே அடக்கி வைத்திருந்த இருமல், முந்தானையையும் மீறி வெடித்தது.

லூசியம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

"டி.பி. இல்லம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, பாருங்க" என்று தளவாய் சட்டைப்பையைத் துழாவினான்.

"சீட்டா இருமுது? கீழ பிள்ளைக இருக்கு தம்பி. இருமல் நின்ன பெறவு கூட்டிட்டு வாங்க."

"இங்க வந்தாத்தான்மா நிக்கும்" என்றாள் கனகவள்ளி.

லூசியம்மாள் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.

தெருவில் இறங்கியதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். லூசியம்மாள் ஈரத்துணியால் சன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு, காலி அறை நன்றாகக் காற்றாடட்டும் என்று, சன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கொக்கி மாட்டினாள்.